வியன்னால ஏன் இத்தனை மியூசியம்? ஒரு குடும்பத்தோட வீட்டு சாமான் கதை

போன வருஷம் அப்பா அம்மா ஊர்லேந்து வந்திருந்தப்ப மூணு நாள் வியன்னா கூட்டிட்டு போனேன். ரெண்டாம் நாள் மதியம் மரியா தெரேசா சதுக்கத்துல ஒரு பெஞ்ச்ல உக்காந்து, அம்மா டப்பால அடைச்சு கொண்டு வந்த சப்பாத்தியை சாப்பிட்டுட்டு இருந்தோம். இடது பக்கம் அரண்மனை மாதிரி ஒரு கட்டடம், வலது பக்கம் அதையே ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இன்னொண்ணு, ரெண்டும் மியூசியம். முன்னாடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிஜ அரண்மனை, அதுக்குள்ள ஏழெட்டு மியூசியம். பின்னாடி ராஜாவோட பழைய குதிரை லாயம், அதுவும் இப்ப மியூசியம். அப்பா ஒரு சுத்து பாத்துட்டு கேட்டாரு, "ஏண்டா, இந்த நாட்டுல மொத்தம் எவ்ளோ ஜனம்?" தொண்ணூறு லட்சத்துக்கு கொஞ்சம் மேலன்னு சொன்னேன். "சென்னையும் சுத்துப்பட்டும் சேர்ந்தாலே அதுக்கு மேல வருமே. அவ்ளோ சின்ன நாட்டுக்கு எதுக்குடா இத்தனை சாமான்?"

இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சுக்கிட்டு வியன்னா போனா அந்த ஊர் வேற மாதிரி தெரியும், தெரியாம போனா மூணாவது மியூசியத்துலயே காலு வலி வந்து எல்லாம் ஒரே தங்க முலாமா தெரிய ஆரம்பிச்சிடும். அதான் எழுதறேன்.

வியன்னா ஒரு சின்ன நாட்டுக்கு தலைநகரா கட்டின ஊரே இல்ல. 1914ல அது ஆண்ட சாம்ராஜ்யத்துல 5 கோடி பேருக்கு மேல இருந்தாங்க. இன்னிக்கு ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியான்னு இருக்கற நாடு முழுசும், அது போக போலந்து, உக்ரைன், ருமேனியா, இத்தாலில ஒவ்வொரு துண்டும் இந்த ஊருக்குத்தான் வரி கட்டிச்சு. 1918ல முதல் உலகப் போர்ல தோத்ததும் எல்லாம் பிச்சுக்கிட்டு போயிடுச்சு, மிஞ்சினது 65 லட்சம் பேர் இருக்கற ஒரு குட்டி நாடு, அதுல கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வியன்னாலயே இருந்தாங்க. உடம்பு சுருங்கிப் போய் தலை மட்டும் பெருசா நின்ன நாடு. அப்பவே ஊர்க்காரங்க வியன்னாவுக்கு தண்ணி கோத்த தலைன்னு பட்டப்பேர் வெச்சாங்க. பெரிய ஜமீன் நொடிச்சுப் போய் நிலமெல்லாம் கைவிட்டுப் போச்சு, ஆனா பங்களாவும் பீரோவும் அப்படியே நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, அதான் வியன்னா.

அந்த ஜமீனோட சொந்தக்காரங்க ஹாப்ஸ்பர்க் குடும்பம். 13ம் நூற்றாண்டு கடைசில உள்ள வந்து 1918 வரைக்கும் ஒரே குடும்பம், 600 வருஷத்துக்கு மேல. இவங்க சண்டை போட்டு சேத்த சொத்தைவிட கல்யாணம் பண்ணி சேத்த சொத்துதான் அதிகம். 'சண்டையை மத்தவன் போடட்டும், ஆஸ்திரியாவே, நீ கல்யாணம் பண்ணிக்கோ'ன்னு இவங்களைப் பத்தி ஒரு பழைய லத்தீன் வாசகமே உண்டு. 1477ல மாக்சிமிலியன் பர்கண்டி வாரிசு மேரியை கட்டினாரு, நெதர்லாந்து பக்கம் கைக்கு வந்துச்சு. அவர் பையன் 1496ல ஸ்பெயின் இளவரசியை கட்டினான், ஸ்பெயினும் அதோட அமெரிக்க காலனிகளும் வந்துச்சு. 1515ல வியன்னாலயே ரெட்டைக் கல்யாணம் ஒண்ணு நடத்தினாங்க, அது வழியா ஹங்கேரி, பொஹீமியா (இன்னிக்கு செக் பக்கம்). இதை ஏன் சொல்றேன்னா, மியூசியம்ல எந்தப் பொருளைப் பாத்தாலும் அது எந்தக் கல்யாணத்துல வந்த சீர்னு யோசிச்சா பாதி புரிஞ்சிடும்.

சரி, அந்த ரெட்டை மியூசியம் கதைக்கு வரேன். 1529லயும் 1683லயும் ஓட்டோமான் துருக்கிப் படை ஊரை சுத்தி வளைச்சுது, ரெண்டு தடவையும் கோட்டைச் சுவர் தாக்குப் பிடிச்சுது. சுவருக்கு வெளிய பீரங்கிக்கு மறைவு இருக்கக்கூடாதுன்னு பெரிய பொட்டலை காலியாவே விட்டு வெச்சிருந்தாங்க. அதனால 19ம் நூற்றாண்டு நடுவுல, வேற எந்த ஊருக்கும் கிடைக்காத ஒண்ணு வியன்னாவுக்கு கிடைச்சுது, நட்டநடு ஊர்ல காலி நிலம். 1857 டிசம்பர்ல ஃப்ரான்ஸ் ஜோசஃப் சக்கரவர்த்தி சுவரை இடிங்கடான்னு உத்தரவு போட்டாரு. இடிச்ச இடத்துல 5 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு ரிங் ரோடு, 1865 மே 1ம் தேதி திறந்தாங்க. பேரே ரிங் ரோடுதான், ரிங்ஸ்ட்ராசன்னா அதான் அர்த்தம், ஆனா நம்ம ஊர் ரிங் ரோடு மாதிரி லாரி போக போட்டது இல்ல. ஓரத்து பிளாட்டையெல்லாம் பணக்காரங்களுக்கு வித்து, அந்தப் பணத்துல ஆபரா, பார்லிமென்ட், யூனிவர்சிட்டி, மியூசியம்னு கட்டினாங்க. ரியல் எஸ்டேட் காசுல வந்த அழகுன்னு சொன்னா தப்பில்ல. ரோட்டுல டிராம் ஓடுது, 1ம் நம்பர் 2ம் நம்பர் டிராம்ல ஜன்னலோரமா உக்காந்தாலே பாதிக்கு மேல பாத்துடலாம், சுத்திக் காட்டறோம்னு வேற வண்டிக்கு தனியா காசு குடுக்கணும்னு அவசியமில்ல.

ரெட்டைல ஒண்ணு இயற்கை வரலாற்று மியூசியம், 1889ல திறந்தது. இன்னொண்ணு கலை வரலாற்று மியூசியம், 1891. குழந்தைங்க இருந்தா முதல்ல இயற்கை மியூசியம் போங்க, டைனோசர் இருக்கு, ஹால் ஹாலா விண்கல் இருக்கு. ஆனா அங்க நிஜமா பாக்க வேண்டியது ஒரு சின்ன இருட்டு அறைக்குள்ள இருக்கற 11 சென்டிமீட்டர் பொம்மை. வில்லன்டார்ஃப் வீனஸ்னு பேரு. 1908ல டானூப் கரையில ரயில் பாதை போடற நேரத்துல தோண்டினப்ப கிடைச்சுது. கிட்டத்தட்ட 30,000 வருஷம் பழசு. முகம் கிடையாது, தலை முழுக்க பின்னல் மாதிரி வரிவரியா சுத்தி இருக்கும், குண்டு உடம்பு, மார்பு மேல சின்னதா ரெண்டு கை. கல்லு அந்த ஊர் கல்லே இல்ல, வேற எங்கிருந்தோ யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க. உள்ளங்கைக்குள்ள அடங்கற சைஸ், நிக்க வைக்க முடியாது, காலு அப்படி. அதனால கைல வெச்சுக்கத்தான் செஞ்சிருப்பாங்கன்னு தோணும். அம்மா அதைப் பாத்துட்டு வெளிய வரவே மனசில்லாம நின்னாங்க. மத்த எல்லாத்தையும் ராஜா வாங்கினாரு, இது மட்டும்தான் மண்ணு குடுத்தது.

எதிர்ல இருக்கற கலை வரலாற்று மியூசியம்தான் வியன்னாவோட கிரீடம். ஒரே ஒரு மியூசியத்துக்குத்தான் நேரம்னா இதுக்கு போங்க, நான் தயங்காம சொல்வேன். இங்க ப்ரூகல்னு 16ம் நூற்றாண்டு ஃப்ளெமிஷ் ஓவியர் ஒருத்தரோட படம் மட்டும் ஒரு டஜன் இருக்கு. அவர் பலகைல வரைஞ்சு இன்னிக்கு உலகத்துல தப்பிச்சிருக்கறதே மொத்தம் 40 சொச்சம், அதுல 12 ஒரே ஊர்ல. எப்படி வந்துச்சு? மேல சொன்ன பர்கண்டி கல்யாணம்தான். நெதர்லாந்தை ஆள இந்தக் குடும்பத்து ஆளுங்களை கவர்னரா அனுப்புவாங்க, போனவங்க அங்க படம் படமா வாங்கி வீட்டுக்கு அனுப்பினாங்க. லியோபோல்ட் வில்ஹெல்ம்னு ஒருத்தர் 1647லேந்து 1656 வரை ப்ரஸ்ஸல்ஸ்ல இருந்தாரு, ஆயிரத்துக்கு மேல படத்தோட ஊர் திரும்பினாரு. கவர்ன்மென்ட் உத்தியோகம் பாத்த மாதிரியே தெரியல.

ப்ரூகலோட கல்யாண விருந்து படத்து முன்னாடி அப்பா நின்னது அரைமணி நேரம். சத்தியமா அது நம்ம பந்திதான். வைக்கோல் குவிச்ச கொட்டகைல நீள மேஜை போட்டு ஜனம் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, ரெண்டு பேர் ஒரு கதவைக் கழட்டி அதையே தட்டாக்கி கஞ்சிக் கிண்ணமா அடுக்கித் தூக்கிட்டு வராங்க, ஒருத்தன் உக்காந்த இடத்துலேந்தே கையை நீட்டி கிண்ணத்தை எடுத்து உள்ள தள்றான். கீழ தரைல ஒரு சின்னப் புள்ள, பெரிய தொப்பி கண்ணை மறைக்க, அதுல மயில் இறகு ஒண்ணு, விரலை விட்டு கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டு இருக்கு. பொண்ணு பச்சைத் துணி பின்னாடி தொங்க கையைக் கோத்துக்கிட்டு கண்ணைத் தாழ்த்தி ஒண்ணும் சாப்பிடாம இருக்கா. மாப்பிள்ளை யாருன்னு கண்டுபிடிக்க முடியாது, அதைப் பத்தி இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. பேக்பைப் வாசிக்கறவன் வாசிக்கறதை விட்டுட்டு சாப்பாட்டையே பாக்கறான். "நாதஸ்வரக்காரருக்கு இன்னும் எலை போடல போல"ன்னாரு அப்பா. இந்த மாதிரி ஒரு படத்து முன்னாடி நின்னுட்டு, பக்கத்துல இருக்கற முப்பது படத்தை பாக்காம வந்தாலும் நஷ்டமே இல்ல.

அதே மாடில வெலாஸ்க்வெஸ் வரைஞ்ச ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. மார்கரீட்டா தெரேசா, ஸ்பெயின் இளவரசி. மூணு வயசு போல ரோஸ் டிரஸ்ல ஒண்ணு, அஞ்சு வயசுல வெள்ளைல ஒண்ணு, எட்டு வயசுல நீலத்துல ஒண்ணு. ஒரே பொண்ணு வளர்றதை வரிசையா ஏன் மாட்டியிருக்காங்கன்னு கேட்டா, இதெல்லாம் பொண்ணு போட்டோ. வியன்னால இருந்த மாப்பிள்ளைக்கு, பொண்ணு எப்படி வளர்றான்னு காட்ட மாட்ரிட்லேந்து அனுப்பினது. மாப்பிள்ளை சக்கரவர்த்தி முதலாம் லியோபோல்ட் யாருன்னா அவளோட தாய்மாமன், அம்மாவோட கூடப்பிறந்த தம்பி! அக்கா மகளை கட்டறது நமக்கு புதுசா என்ன, ஆனா ஐரோப்பாக்காரங்க இந்த இடத்துல ஒரு முழி முழிப்பாங்க. 1666ல கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறமும் அவ அவரை மாமான்னுதான் கூப்பிடுவாளாம், எங்க அம்மாவுக்கு அதுல என்ன ஆச்சரியம்னே புரியல. ஆனா இவங்க வீட்ல இது ஒரு தலைமுறையோட நிக்கல. மார்கரீட்டாவோட அப்பாவே தன் அக்கா தங்கை வழி மருமகளைத்தான் கட்டியிருந்தாரு, திரும்பத் திரும்ப உள்ளுக்குள்ளயே. மார்கரீட்டா 21 வயசுல பிரசவத்துக்கு மேல பிரசவமா ஆகி செத்துப் போனா. அவ தம்பி இரண்டாம் சார்லஸ் நோயாளியாவே வாழ்ந்து 1700ல வாரிசில்லாம போனாரு, அதோட ஸ்பெயின் கிளை முடிஞ்சுது, அந்த சொத்துக்கு ஐரோப்பாவே அடிச்சுக்கிச்சு. கல்யாணத்துல வந்தது கல்யாணத்துலயே போச்சு. மியூசியம் சுவத்துல இருக்கற ராஜாக்களோட தாடையை வரிசையா கவனிச்சுட்டு வாங்க, முன்னாடி தள்ளிக்கிட்டு இருக்கும், யாரோட பரம்பரைன்னு போர்டு படிக்காமலே சொல்லிடலாம்.

கீழ தரைத்தளத்துல குன்ஸ்ட்காமர்னு ஒரு பகுதி இருக்கு, ராஜாக்களோட விசித்திரப் பொருள் ரூம். அதுல செல்லீனி செஞ்ச தங்க உப்புக் கிண்ணம் ஒண்ணு. ஆமா, மேஜைல உப்பும் மிளகும் வைக்கறதுக்கு. 2003ல சாரம் கட்டி வேலை நடந்துட்டு இருந்தப்ப ஒருத்தன் சாரத்துல ஏறி ஜன்னலை உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டான். அலாரம் அடிச்சுது, ஃபால்ஸ் அலாரம்னு நினைச்சு ஆஃப் பண்ணிட்டாங்க. 2006 ஜனவரில ஒரு காட்டுக்குள்ள பெட்டில வெச்சு புதைச்சிருந்ததை தோண்டி எடுத்தாங்க.

இனி நிஜ அரண்மனை, ஹோஃப்பர்க். இது ஒரு கட்டடம் இல்ல, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு தனக்குன்னு ஒட்டி ஒட்டிக் கட்டின கூட்டுக் குடும்ப வீடு. கூட்டம் பூரா சீசி மியூசியத்துக்குத்தான் அலைமோதும். சீசின்னா ஃப்ரான்ஸ் ஜோசஃப்போட பொண்டாட்டி எலிசபெத், 1898ல ஜெனீவால ஒருத்தன் தீட்டின அரத்தால குத்திக் கொன்னுட்டான். அழகி, இடுப்பளவு 50 சென்டிமீட்டர் சொச்சத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பட்டினி கிடந்தவ, தன் ரூம் நிலைவாசல்லயே ஜிம் ரிங் மாட்டி தொங்கினவ. சுவாரஸ்யமான ஆள்தான், ஆனா அந்த மியூசியம் எனக்கு சாக்லேட் டப்பா மாதிரி இருந்துச்சு. அதுக்கு அடுத்தாப்ல புருஷனோட ரூம் வரும், அதை பாக்காம ஓடிடாதீங்க. 68 வருஷம் ஆண்ட மனுஷனோட கட்டில் ஒரு சாதா இரும்புக் கட்டில். விடியக்காலைல நாலு மணி வாக்குல எழுந்து ஃபைல் பாக்க உக்காந்துடுவாராம். சாம்ராஜ்யம் ஒரு பெரிய கலெக்டர் ஆபீஸ் மாதிரிதான் ஓடியிருக்கு.

நேரம் கம்மின்னா சீசியை விட்டுட்டு அதே அரண்மனைல இருக்கற கஜானாவுக்கு போங்க, கூட்டமும் குறைச்சல். ஆயிரம் வருஷம் பழசான எட்டுப் பட்டை கிரீடம் இருக்கு, புனித ரோம சாம்ராஜ்யத்தோடது, பேர்ல ரோம்னாலும் அது பெரும்பாலும் ஜெர்மன் நாடுங்க சேர்ந்த பழைய பேரரசு. 1938ல ஹிட்லர் அதை நியூரம்பெர்க்குக்கு எடுத்துட்டுப் போனான், 1946ல திரும்பி வந்துச்சு. எனக்கு அதைவிட பிடிச்சது வேற ரெண்டு பொருள். ஒண்ணு ஒரே அகேட் கல்லுல குடைஞ்ச பெரிய தட்டு, ஏசு கடைசி விருந்துல பயன்படுத்தினதுன்னு நம்பினாங்க. இன்னொண்ணு ஆளை விட உசரமான ஒற்றைக்கொம்புக் குதிரையோட கொம்பு, நிஜத்துல நார்வால்னு ஒரு திமிங்கலத்தோட தந்தம். 1564ல சக்கரவர்த்தி ஃபெர்டினாண்ட் செத்ததும் புள்ளைங்க பாகப்பிரிவினை பண்ணாங்க, ஊரு நாடு எல்லாம் பிரிச்சாங்க, ஆனா இந்த ரெண்டை மட்டும் யாரும் பிரிக்கவும் கூடாது விக்கவும் கூடாது, குடும்பத்துல மூத்தவன்கிட்ட இருக்கணும்னு எழுதி வெச்சாங்க. நாட்டை மூணாப் பிரிச்சவங்க ஒரு தட்டையும் திமிங்கலப் பல்லையும் பிரிக்க மனசு வரலன்னு நினைச்சா சிரிப்பா வரும். இந்த ஒப்பந்தம் மாதிரி சமாச்சாரங்களாலதான் சாமான் சிதறாம ஒரே இடத்துல நிக்குது.

ஷோன்ப்ரூன் ஊருக்கு கொஞ்சம் வெளிய இருக்கற கோடைக்கால அரண்மனை, மெட்ரோல போயிடலாம். 1,441 ரூம், நமக்கு காட்டறது 40 சொச்சம். அதுல மில்லியன் அறைன்னு ஒண்ணு. ரோஸ்வுட் பலகை அடிச்ச சுவர், அதுக்கு நடுவுல தங்க சட்டம் போட்ட வளைஞ்சு நெளிஞ்ச 60 பொந்து. கிட்டப் போய் பாத்தா ஒவ்வொண்ணுக்குள்ளயும் முகலாய மினியேச்சர் ஓவியம்! தர்பார், வேட்டை, தோட்டத்துல உக்காந்திருக்கற பொண்ணுங்க. இந்தியாலேந்து வந்த ஓவியங்களை, சட்டத்தோட வளைவுக்கு பொருந்தணும்னு ராஜ குடும்பத்து ஆளுங்களே கத்திரியை எடுத்து வெட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்காங்க. ஒரு தலை ஒரு படத்துலேந்து, மரம் வேற படத்துலேந்து. பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, அப்புறம் யோசிச்சா, வெட்டாம இருந்திருந்தா இது எங்க போயிருக்கும்னும் தெரியல. சின்ன டிக்கெட் எடுத்தா இந்த அறை உள்ள வராம போகலாம், கவுன்டர்ல கேட்டுட்டு எடுங்க. அதே அரண்மனைல நீல சீன அறைல 1918 நவம்பர் 11ம் தேதி கடைசி சக்கரவர்த்தி கார்ல், ஆட்சில எனக்கு பங்கு வேண்டாம்னு கையெழுத்து போட்டாரு. மறுநாள் குடியரசு. 1919 ஏப்ரல்ல சட்டம் போட்டு குடும்பத்தை நாட்டை விட்டு அனுப்பி, சொத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. நம்ம கேள்விக்கு இதான் சட்டப்படியான பதில்: வீட்டுக்காரங்க போயிட்டாங்க, வீடு பொதுவாச்சு, சாமான் மியூசியமாச்சு.

அந்த சாமான்ல எல்லாமே நியாயமா வந்ததுன்னு சொல்ல முடியாது. அரண்மனைலயே இருக்கற வெல்ட்மியூசியத்துல மெக்சிகோவோட பச்சை இறகுக் கிரீடம் ஒண்ணு இருக்கு, கெட்சால் பறவை வால் இறகு நூத்துக்கணக்குல. மெக்சிகோ பல வருஷமா திருப்பிக் கேக்குது, வழில வர அதிர்வுல உதிர்ந்துடும்னு வியன்னா சொல்லுது. அங்கயே பட்டத்து இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் (இவர் கொலைலதான் முதல் உலகப் போர் வெடிச்சுது) 1892-93ல இலங்கை, இந்தியா, ஜப்பான்னு உலகம் சுத்தி அள்ளிட்டு வந்த சாமானும் இருக்கு. அவர் முடிவைப் பாக்கணும்னா ராணுவ மியூசியம் போகணும். 1914 ஜூன் 28ல சரயேவோல அவர் சுடப்பட்ட கார், ரத்தக்கறை படிஞ்ச நீல யூனிஃபார்ம், ரெண்டும் ஒரே ஹால்ல. ஆர்சனல் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கறதால டூரிஸ்ட் கூட்டம் அவ்ளோ போகறதில்ல.

இதுவரை சொன்னதெல்லாம் அரண்மனை வியன்னா. அரண்மனைக்கு முதுகைக் காட்டிட்டு நின்ன வியன்னா ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் இன்னும் நெருக்கம். 1897ல கிளிம்ட்டும் அவர் கூட்டாளிங்களும் பழைய ஓவியர் சங்கத்தை விட்டு வெளிய வந்து செசெஷன்னு தனிக்கடை போட்டாங்க. வெள்ளைக் கட்டடம், உச்சில தங்க இலைல ஒரு உருண்டை, ஊர்க்காரங்க அதை முட்டைக்கோஸ்னு கிண்டல் பண்ணாங்க. அடித்தளத்துல கிளிம்ட் 1902ல வரைஞ்ச 34 மீட்டர் நீள பீத்தோவன் சுவரோவியம். அவரோட 'முத்தம்' பெல்வெடேர் அரண்மனைல இருக்கு. 180க்கு 180 சென்டிமீட்டர் சதுரம், 1908ல அரசாங்கமே வாங்கிடுச்சு. அது முன்னாடி எப்பவும் செல்ஃபி கூட்டம், பொறுமையா ஓரமா நின்னா பொண்ணோட கால் விரலைப் பாக்கலாம், பூத்தரை முடியற இடத்துல விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மடங்கி இருக்கும். அந்தப் பக்கம் வெறும் பள்ளம். காலண்டர்லயும் காபி மக்லயும் பாக்கறப்ப அது கண்ணுல படாது.

எகான் ஷீலன்னு கிளிம்ட்டுக்கு அடுத்த தலைமுறை ஓவியர் ஒருத்தர், அவர் படங்களைப் பாக்கணும்னா அந்த பழைய குதிரை லாயத்துல இருக்கற லியோபோல்ட் மியூசியம். அங்க போனப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது. கிளிம்ட் செத்தது 1918 பிப்ரவரி. மெட்ரோ ஸ்டேஷன் எல்லாம் கட்டின ஓட்டோ வாக்னர் ஏப்ரல். கிளிம்ட்டோட செசெஷன் கூட்டாளி கோலோமான் மோசர் அக்டோபர் 18. ஷீல அக்டோபர் 31, ஸ்பானிஷ் ஃப்ளூ, வயசு 28, கர்ப்பமா இருந்த பொண்டாட்டி போய் மூணே நாள்ல. அடுத்த பதினஞ்சு நாளுக்குள்ள சாம்ராஜ்யமும் போச்சு. அரண்மனையும் அதை எதிர்த்தவங்களும் ஒரே வருஷத்துல.

இந்தப் புது ஓவியங்களை காசு குடுத்து வாங்கி, வரைய வெச்சு, வீட்ல மாட்டினவங்கள்ல பெரும்பகுதி வியன்னா யூதக் குடும்பங்கள். 1938 மார்ச்ல ஹிட்லர் ஹோஃப்பர்க் மாடத்துல நின்னு பேசினப்ப கீழ சதுக்கம் நிறைய ஜனம் கைதட்டுச்சு, அதுக்கப்புறம் அந்தக் குடும்பங்களோட வீடும் படமும் பறி போச்சு. கிளிம்ட்டோட தங்க ஆடெல் படம் அப்படித்தான் பெல்வெடேர்ல வந்து தொங்குச்சு, வாரிசு மரியா ஆல்ட்மேன் வழக்கு போட்டு 2006ல திரும்ப வாங்கினாங்க, இப்ப அது நியூயார்க்ல இருக்கு. கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்கள் 65,000 பேருக்கு மேல. யூடன்பிளாட்ஸ்ங்கற சின்ன சதுக்கத்துல ஒரு கான்கிரீட் பெட்டி நினைவுச் சின்னமா நிக்குது, ரேச்சல் வைட்ரீட் செஞ்சது, 2000ல திறந்தது. வெளிப்பக்கம் பூரா புத்தக அலமாரி, ஆனா எல்லா புத்தகமும் முதுகை உள்ள திருப்பி வெச்சிருக்கும், பேர் படிக்க முடியாது. கதவு இருக்கு, கைப்பிடி இல்ல. டிக்கெட் இல்ல, க்யூ இல்ல, பத்து நிமிஷம் போதும்.

மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்ட் 47 வருஷம் குடியிருந்த பெர்க்காஸ 19ம் நம்பர் வீடும் அதே மாதிரி ஒரு வெறுமைதான். 1938 ஜூன்ல உயிர் தப்பிச்சு லண்டன் போனப்ப சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு, நோயாளிங்களைப் படுக்க வெச்சு மனசுல இருக்கறதைப் பேச வெச்ச, உலகத்துக்கே தெரிஞ்ச அந்த சோஃபா லண்டன்ல இருக்கு. வியன்னால இருக்கறது சோஃபா இருந்த இடம். நிறைய பேர் ஏமாந்துட்டோம்னு சலிச்சுக்கறாங்க. சாமானா நிரம்பி வழியற ஊர்ல ஒரு வீடு மட்டும் காலியா இருந்தா ஏன்னு கேக்கணும் இல்லையா.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். ஸ்டீஃபன் கதீட்ரல் போகாம யாரும் வரமாட்டாங்க. தெற்கு கோபுரம் 136 மீட்டர், 343 படி, முட்டி வலி இருக்கறவங்களுக்கு வடக்கு கோபுரத்துல லிஃப்ட் இருக்கு, அங்கதான் பும்மரின்னு 20 டன் மணி. 1683ல துருக்கிப் படை விட்டுட்டுப் போன பீரங்கியை உருக்கி வார்த்த மணி 1945 தீல விழுந்து உடைஞ்சுது, உடைசலையே திரும்ப உருக்கி வார்த்தாங்க. பிரசங்க மேடைக்கு அடில சிற்பி ஒருத்தர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பாக்கற மாதிரி செதுக்கியிருக்கும், தவற விடாதீங்க. வெளிய மோசார்ட் விக் போட்டுக்கிட்டு கச்சேரி டிக்கெட் விக்கறவங்க சூழ்ந்துப்பாங்க, ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க, ஆபராலயே நின்னு பாக்கற டிக்கெட் மலிவா கிடைக்கும். 19 வயசுக்கு கீழ இருந்தா கலை வரலாற்று மியூசியம், பெல்வெடேர் மாதிரி அரசாங்க மியூசியம் எல்லாம் இலவசம். கார்ல்ஸ்பிளாட்ஸ்ல வியன்னா ஊர் மியூசியம் 2023 கடைசில புதுப்பிச்சுத் திறந்தாங்க, அப்ப நிரந்தரக் கண்காட்சியை எல்லாருக்குமே இலவசமாக்கினாங்க. ஒரு மியூசியம் திங்கள் லீவுன்னா இன்னொண்ணு செவ்வாய், கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. சக்கரவர்த்தி போனப்புறம் ஊர் யாருக்கு கட்டுச்சுன்னு பாக்க ஆசைன்னா மெட்ரோல கடைசி ஸ்டேஷன் ஹைலிகன்ஸ்டாட் போய் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் பாருங்க, தொழிலாளிங்களுக்கு கட்டி 1930ல திறந்த ஒரு கிலோமீட்டர் நீள குடியிருப்பு, கட்டினப்ப 1,300க்கு மேல வீடு, இன்னும் ஆள் குடியிருக்காங்க.

கடைசி நாள் அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டாரு, "அப்போ அந்தக் குடும்பம் எங்கடா போச்சு?" அதனால கபூசினர் சர்ச் அடில இருக்கற கல்லறைக்கு கூட்டிட்டுப் போனேன். கிட்டத்தட்ட 150 ஹாப்ஸ்பர்க் உடம்பு அங்கதான். உடம்பு மட்டும். இதயம் வேற சர்ச்ல வெள்ளிக் கிண்ணத்துல, குடல் ஸ்டீஃபன் கதீட்ரல் அடில செப்புப் பானைல, செத்தப்புறமும் பாகம் பிரிச்சிருக்காங்க. அந்த சதுக்கத்துக்கு பேர் குடுத்த மகாராணி மரியா தெரேசாவும் புருஷனும் ஒரு கட்டில் சைஸ் உலோகப் பெட்டி மேல எழுந்து உக்காந்து பேசிக்கற மாதிரி சிலை, அவ்ளோ ஆடம்பரம். அதுக்கு காலடில அவங்க பையன் இரண்டாம் ஜோசஃப், ஒரு பூ வேலை கூட இல்லாத செப்புப் பெட்டி, சிக்கனக்காரர். கடைசி சக்கரவர்த்தி கார்ல் இங்க இல்ல, நாடு கடத்தின இடத்துல மதைரா தீவுல 1922லயே போயிட்டாரு.

அவர் மூத்த பையன் ஓட்டோ ஐரோப்பிய பார்லிமென்ட் மெம்பரா 20 வருஷம் இருந்துட்டு 98 வயசுல 2011ல செத்தாரு. அவரை இங்க கொண்டு வந்தப்ப அந்தக் குடும்பத்து வழக்கப்படி சடங்கு நடந்துச்சு. கதவைத் தட்டினாங்க, உள்ளேந்து சாமியார் "யாரு?"ன்னாரு. சக்கரவர்த்தி வாரிசு, ஹங்கேரி இளவரசர், அந்த ஊர் பிரபு இந்த ஊர் பிரபுன்னு பட்டம் பூரா படிச்சாங்க. "அப்படி யாரையும் எங்களுக்கு தெரியாது." மறுபடி தட்டினாங்க, "யாரு?" டாக்டர் ஓட்டோ, பார்லிமென்ட் மெம்பர், இத்தனை விருதுன்னு படிச்சாங்க. "தெரியாது." மூணாவது தடவை தட்டி, "ஓட்டோ, சாகப் பிறந்த ஒரு பாவி மனுஷன்"னு சொன்னப்புறம்தான் கதவு திறந்துச்சு.

அப்பாவை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, சீனியர் சிட்டிசனான்னு. பாஸ்போர்ட்டைக் காட்டினாரு, உள்ள விட்டுட்டாங்க.